பேஸ் கிதாருக்கும் ஃபஸ் பெடலுக்கும் நடுவே ஒரு பெட்டி

ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஒரே ஃபஸ் பெடல்தான். பழைய பாசிவ் (உள்ளே பேட்டரி இல்லாத) பேஸில் செருகினால் தடிமனாக, நெஞ்சில் இறங்குகிற மாதிரி கேட்கிறது. ஆக்டிவ் (உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ள) பேஸில் செருகினால் தகரத்தைச் சுரண்டுவது போலக் கத்துகிறது. பாசிவ் பேஸுக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவில் பஃபர் (சிக்னலை வாங்கித் தாழ்ந்த இம்பீடன்ஸில் கடத்தும் சின்னச் சர்க்யூட்) உள்ள ட்யூனர் பெடலை வைத்தாலும் அதே கத்தல் வந்துவிடும். பெடலில் கோளாறு இல்லை, பேஸிலும் இல்லை, இரண்டும் சேர்கிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அந்த இடத்தில் வைக்க ஒரு சின்னப் பெட்டி செய்தேன். இதே தலைவலி உள்ள பேஸ் வாசிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

என்னுடையது ஃபஸ் ஃபேஸ் வகை. 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட அந்த வட்டமான பெடலின் சர்க்யூட்டில் இரண்டே டிரான்சிஸ்டர்கள். ஆரம்பத்தில் ஜெர்மானியம், பிறகு சிலிக்கன். நான் கட்டி வைத்திருப்பது பிசி109 போட்ட சிலிக்கன், நெகட்டிவ் கிரவுண்ட் (சப்ளையின் மைனஸ் முனை கிரவுண்டில்). இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து முதல் டிரான்சிஸ்டரின் 'பேஸ்' (base) முனைக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று திரும்பி வருகிறது பாருங்கள், ரகசியம் முழுக்க அதில்தான். அந்த ஃபீட்பேக்கால் இன்புட் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு வரும் தடை) சில கிலோ ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. எவ்வளவு பெருக்கும் என்பது, முன்னால் செருகியிருக்கும் பொருளின் இம்பீடன்ஸைப் பொறுத்து மாறும். அதாவது கிதாரின் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காயில்) இந்தச் சர்க்யூட்டில் ஒரு உறுப்பு. அது தெரிந்த பிறகு எனக்கு இந்தப் பெடல் மேல் மரியாதை கூடிவிட்டது.

பாசிவ் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. மல்டிமீட்டர் வைத்தால் 10 கிலோ ஓம் பக்கம் காட்டும், ஆனால் அது டிசி கணக்கு. காயிலுக்கு இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம், அலகு ஹென்றி) இருப்பதால் அலைவெண் ஏற ஏற இம்பீடன்ஸும் ஏறும். 4 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸில் காயிலால் வருவது 1 கிலோ ஓம் சொச்சம்தான், 2000 ஹெர்ட்ஸிலோ 50 கிலோ ஓம். அதனால் அடி ஒலி ஃபஸ்ஸுக்குள் தாராளமாகப் போகும், கீச்சென்ற பகுதி தானாகவே அடங்கிவிடும். ஆக்டிவ் ப்ரீஆம்போ பஃபரோ முன்னால் வந்தால் இந்த அடக்கம் போய், எல்லாமே முழு வேகத்தில் உள்ளே பாய்கிறது.

முதலில் எளிதானதைச் செய்து பார்த்தேன். பஃபருக்குப் பின்னால் தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மட்டும். கத்தல் கொஞ்சம் தணிந்தது, ஃபஸ்ஸின் அளவும் வழிக்கு வந்தது, ஆனால் மேல்பக்கம் இன்னும் கூர்மையாகத்தான் இருந்தது. ரெசிஸ்டர் எல்லா அலைவெண்ணையும் ஒரே மாதிரி தடுக்கும், அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. காயில் வேண்டும்.

ஹென்றி கணக்கில் காயில் வேண்டுமென்றால் நாமே சுற்றுவது வீண் வேலை. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் என்று கட்டைவிரல் நுனி அளவில் ஒன்று இருக்குமே, அதுவே போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டு விற்கும் கடையில் 10கே:2கே (இரு பக்கச் சுற்றுகளின் இம்பீடன்ஸ், கிலோ ஓமில்) வகை ஒன்று கிடைத்தது. இதை டிரான்ஸ்ஃபார்மராகப் பயன்படுத்தப் போவதில்லை, ஒரு பக்கச் சுற்றை மட்டும் காயிலாக எடுத்துக்கொண்டு மற்றதைச் சும்மா விட்டுவிடலாம்.

எத்தனை ஹென்றி என்று பார்க்கத் தனி மீட்டர் தேவையில்லை. சுற்றுக்கு இணையாக 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரை வைத்து, கம்ப்யூட்டரின் ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக டோன் ஓட்டி, திரும்பி வரும் ஒலியின் அளவை அதே இன்டர்ஃபேஸின் கிதார் இன்புட்டில் பார்த்தேன். அலைவெண்ணை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அளவு உச்சத்துக்குப் போய் இறங்கும். எனக்கு 920 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சம் வந்தது, கணக்குப் போட்டால் 3 ஹென்றி. பேஸ் பிக்கப்புக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது!

அப்புறம் ஒரு நல்ல விஷயம் கண்ணில் பட்டது. சும்மா விட்ட 2கே பக்கத்தையும் தொடராகச் சேர்த்தால் என்ன? சுற்றுகள் ஒரே திசையில் சேர்ந்தால் இண்டக்டன்ஸ் இரண்டு மடங்கு, அதாவது 6 ஹென்றிக்குக் கொஞ்சம் மேலே. முனைகளை மாற்றிக் கொடுத்தால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு 0.9 ஹென்றி. ஒரே துண்டில் மூன்று காயில்கள். 0.9 பேஸுக்கு மிகவும் பிரகாசம், பழைய கத்தலின் சாயல் இருக்கிறது. அதனால் 3, 6 இரண்டையும் மட்டும் ஒரு சின்ன டாகிள் ஸ்விட்சில் வைத்துக்கொண்டேன்.

சர்க்யூட் இப்படி. பேஸ் நேராக டிஎல்072 என்ற இரட்டை ஆப்-ஆம்ப் ஐசியின் முதல் பாதிக்குள், 1 மெகா ஓம் இன்புட், 22 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர். 9 வோல்ட்டை இரண்டு 10 கிலோ ஓமால் பாதியாக்கி, நடுவில் 47 மைக்ரோ ஃபாரட் போட்டு பயஸ் (ஐசி வேலை செய்யத் தேவையான நடு வோல்டேஜ்) எடுத்தேன். பஃபரிலிருந்து இரண்டு வழி பிரிகிறது. ஒரு வழி 10 மைக்ரோ ஃபாரட், 50 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), காயில் என்று கடந்து 'செண்ட்' ஜாக்குக்குப் போகிறது. அங்கே ஃபஸ். ஃபஸ்ஸிலிருந்து திரும்புவது ஐசியின் இரண்டாம் பாதிக்குள் வருகிறது. மற்ற வழி, பேஸின் சுத்தமான ஒலி. இரண்டும் ஒரு 50 கிலோ ஓம் லீனியர் பாட்டின் இரு முனைகளில், நடுமுனை ஆம்ப்புக்கு. ஜாக் பக்கம் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு 100 கிலோ ஓம் கிரவுண்டுக்குப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் செருகும்போதெல்லாம் டப்பென்று அடிக்கும்.

சுத்தமான ஒலியைக் கலப்பது பேஸுக்கு மிக முக்கியம். ஃபஸ் அலையை நசுக்கித் தட்டையாக்கிவிடுவதால் விரல் பட்ட அழுத்தமும் அடி ஒலியின் உருண்டையும் போய்விடும். ஃபஸ் ஃபேஸ் இரண்டு முறை தலைகீழாக்குவதால் வெளியே வருவது உள்ளே போன அதே ஃபேஸில்தான் (phase, அலையின் ஏற்ற இறக்க நிலை) இருக்கும், கலந்தால் அடி ஒலி அறுபடாது. காயிலால் வரும் தாமதமும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக இல்லை.

ஃபஸ்ஸுக்குள்ளேயே ஒரு மாற்றம் தேவைப்பட்டது. அவுட்புட்டில் 10 நானோ ஃபாரட் இருக்கும். 500 கிலோ ஓம் வால்யூமும் என் பஃபரின் 1 மெகா ஓமும் சேர்ந்தால் அது 48 ஹெர்ட்ஸிலேயே வெட்ட ஆரம்பிக்கிறது, ஈ கம்பியோ 41. அதை எடுத்துவிட்டு 100 நானோ ஃபாரட் போட்டதும் திறந்த ஈ நிறைந்து கேட்டது. பிக்கப்பை அச்சு அசலாக்க காயிலுக்குப் பின் 470 பிக்கோ ஃபாரட் கிரவுண்டுக்கு வைப்பதும் உண்டு. வைத்துக் கேட்டேன், வித்தியாசம் இல்லை. இவ்வளவு தாழ்ந்த இன்புட் முன்னால் அது ஒன்றும் செய்யாது, விட்டுவிடலாம்.

நேரம் எடுத்தது ஹம் என்கிற உறுமல்தான். டிரான்ஸ்ஃபார்மர் என்றால் பக்கத்து அடாப்டரின் காந்தப்புலத்தையும் சேர்த்துப் பிடிக்கும், அலுமினியப் பெட்டி அதைத் தடுப்பதில்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அந்த ஜியை நீட்டிப் பிடித்தால் நொடிக்கு ஒரு தடவை ஒலி வீங்கி வீங்கி அடங்கும், கேட்கவே சங்கடமாக இருக்கும். ஒயரை நீளமாக விட்டு, எல்லாவற்றையும் ஆன் செய்து, டிரான்ஸ்ஃபார்மரை விரலில் பிடித்து மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று விழுந்தது. அசையாமல் அப்படியே பிடித்துக்கொண்டு ஹாட் க்ளூ வைத்து ஒட்டினேன். அடாப்டரையும் ஒரு முழம் தள்ளி வைத்ததும் ஜி நிம்மதியாக நின்றது.

காயிலுக்கு முன்னால் இருக்கும் பாட்டைத் திருப்பும்போது இரண்டு காரியம் நடக்கிறது, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 10 கிலோ ஓமில் வைத்தால், ஃபஸ்ஸின் இன்புட்டோடு சேர்த்து 15 கிலோ ஓம் என்று கொண்டால், 3 ஹென்றி காயில் 800 ஹெர்ட்ஸ் பக்கம் மேலே சரியத் தொடங்கும். கனமான, மூடிய ஃபஸ். 50-க்கு ஏற்றினால் சரிவு 2900 பக்கம் தள்ளிப்போகும், பெருக்கமும் குறையும், அதனால் ஃபஸ் விலகி ஒலி வெளிச்சமாகிறது. பாசிவ் பேஸில் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் ஃபஸ் சுத்தமாகுமே, அது இப்போது ஆக்டிவ் பேஸிலும் கிடைக்கிறது. 6 ஹென்றியில், பாட் 10 கிலோ ஓமில் இருந்தால், ஒலி 400-க்குக் கீழேயே சரிகிறது, தனியாகக் கேட்டால் மந்தம், ஆனால் சுத்த ஒலி பாதி கலந்து டிரம்ஸோடு வாசித்தால் அதுதான் ஜெயிக்கிறது. கிதார்காரர் என்ன வாசித்தாலும் அடியில் பேஸ் தெளிவாக நிற்கிறது.

அடுத்து ஜெர்மானியம் ஃபஸ்ஸை இதில் செருகிப் பார்க்க வேண்டும். பிஎன்பி டிரான்சிஸ்டர், பாசிடிவ் கிரவுண்ட் (ப்ளஸ் முனை கிரவுண்டில்) என்பதால் ஒரே அடாப்டரில் இரண்டையும் தொங்கவிட முடியாது, அதற்குத் தனியாக 9 வோல்ட் பேட்டரி போட்டுக்கொள்ளலாம், ஒலி பாதையில் எங்கும் கெப்பாசிட்டர் இருப்பதால் மற்றபடி சிக்கல் இல்லை. அதற்கு 50 கிலோ ஓம் பாட் போதுமா, 100 வேண்டுமா என்பதை வாசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.