நடுவில் ஓர் இடைவெளி

இன்று சர்வர் அறையில் ஒரு சாட்டா டிரைவையும் ஒரு சாஸ் டிரைவையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டும் தகவலைச் சேமிப்பவைதான்; சர்வரோடு இணையும் முறை மட்டும் வேறு.

சாட்டா கனெக்டரின் நடுவே ஒரு சின்ன இடைவெளி. சாஸில் அந்த இடம் அடைபட்டிருக்கும். திருப்பினால் அங்கே ஏழு தங்க நிறக் கோடுகள்.

அதுதான் இரண்டாவது பாதை. டிரைவைச் சர்வரோடு இணைக்கும் ஒரு கன்ட்ரோலர் படுத்துவிட்டாலும் இன்னொன்றின் வழியாக டிரைவ் பேசும். சாஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பது எனக்கு இதற்காகத்தான்.

எல்லாரும் வேகத்தைத்தான், சாட்டா விநாடிக்கு 6 கிகாபிட், சாஸ் 12 கிகாபிட் என்றே ஒப்பிடுகிறார்கள். ஆனால் டிரைவுக்குள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு முறை சுற்றி வரவே 8.3 மில்லிவிநாடி ஆகும். அது 6 கிகாபிட்டையே நிரப்பாது. அப்புறம் 12 எதற்கு?

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்தால் கதை வேறு. சாட்டா விநாடிக்கு 600 எம்பியைத் தாண்டாது. அதைவிட முக்கியம், கட்டளைகள் காத்திருக்கும் வரிசை.

சாட்டாவில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். ரேஷன் கடையில் ஒரே ஒரு தராசு மாதிரி. எஸ்எஸ்டிக்கென்றே உருவான என்விஎம்இ முறையில் 65,535 வரிசைகள் வரை போகலாம்; ஒவ்வொரு ப்ராசஸர் கோருக்கும் தனி வரிசை கிடைக்கும்.

பேக்கப்புக்குச் சாட்டாவே போதும். டேட்டாபேஸை மட்டும் என்விஎம்இ-க்கு மாற்றச் சொல்லி, இன்று மாலை எழுதிக் கொடுத்துவிட்டேன்.