முதல் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு போட்டிக்குப் போகும் ஒயிட் பெல்ட்டுகள் (தொடக்க நிலைக்காரர்கள்) கவனத்துக்கு

ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி எடை பார்ப்பது முதல் மேட்சுக்குச் சற்று முன்னால்தான், அதுவும் கி எனும் தடித்த போட்டி உடுப்போடு. ஆண்கள் லைட் பிரிவு 76 கிலோ என்றால் உடுப்பு, பெல்ட் எல்லாம் சேர்த்து 76. உடுப்பு மட்டுமே ஒன்றரை, இரண்டு கிலோ வரும். வீட்டில் வெறும் உடம்போடு எடை பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

மேட்ச் 5 நிமிடம். எடுத்ததுமே காலரை உயிர்போகிற மாதிரி பிடித்துத் தொங்கினால் மூன்றாம் நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும், விரல் மடங்காது. இழுக்கும் நொடியில் மட்டும் இறுக்குங்கள். மற்ற நேரம் விரல்கள் கொக்கி மாதிரி மாட்டியிருந்தால் போதும்.

டேக்டவுன் (நிற்பவரைக் கீழே வீழ்த்துவது), ஸ்வீப் (கீழிருந்து எதிராளியைப் புரட்டி மேலே வருவது) 2 புள்ளி, கார்டு பாஸ் (எதிராளியின் கால்களைத் தாண்டிப் போவது) 3, மவுண்ட் (அவர்மேல் ஏறி உட்காருவது) 4. எல்லாமே 3 நொடி நிலைத்து நின்றால்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: மவுண்ட் ஏறிய வேகத்திலேயே ஆர்ம்பாருக்கு (கையை நீட்டி முழங்கையைப் பூட்டும் பிடி) சாய்வார்கள். முட்டிகள் ஒட்டியிருக்காது, எதிராளியின் முழங்கை அந்த இடைவெளியில் நழுவிவிடும். 4 புள்ளியும் இல்லை, கையும் இல்லை, நீங்கள் கீழே! முதலில் மூன்று எண்ணுங்கள். பிறகு அவர் முழங்கையை விலாவிலிருந்து பிரித்து மேலே ஏற்றுங்கள். காலைத் தலைக்கு மேல் போடுவதெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்று, முட்டிபோட்டே ரோல் (பயிற்சிச் சண்டை) பண்ணிப் பழகியவர்கள் கடைசி ஒரு மாதமாவது நின்றபடி தொடங்குங்கள். போட்டி நின்றுதான் தொடங்கும்.