கடலில்லா ஊரின் நங்கூரம்

பர்மிங்காம் போனால் பொற்கொல்லர்களின் பேட்டையான ஜுவல்லரி குவார்ட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். செங்கல் வீடுகள், குறுகலான தெருக்கள். வெளியே வீடு மாதிரி தெரியும், கொல்லைப்புறம் முழுக்கப் பட்டறை.

அங்கே ஸ்மித் அண்ட் பெப்பர் என்று ஒரு தங்க வளையல் பட்டறை. 1899-இல் தொடங்கியது. 1981-இல் வயதான முதலாளிகள் ஓய்வுபெற்று, கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மேசையில் கருவிகள், கொக்கியில் மேலங்கிகள், தேநீர்க் கோப்பைகள், ஜாம் பாட்டில் எல்லாம் அப்படியே! அதைத்தான் இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மேசைக்கடியிலும் தொட்டில் போலத் தொங்கும் தோல், அராவும்போது உதிரும் பொன்துகளைப் பிடிப்பதற்கு. கை கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் தங்கத்தைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். எனக்கு அங்கிருந்து நகரவே மனசில்லை.

அப்புறம் அந்த நங்கூரம். வெள்ளிப் பொருள்களுக்குத் தரமுத்திரை குத்த செஸ்டருக்கும் லண்டனுக்கும் அலைய முடியாது என்று தொழிலதிபர் மாத்யூ போல்டன் போராடி, 1773-இல் பர்மிங்காமுக்கே சோதனைக்கூடம் வாங்கித் தந்தார். அதன் முத்திரை நங்கூரம். பக்கத்தில் கடலே கிடையாது! அதற்கான சட்டத்துக்காக லண்டன் போனவர்கள் கூடிய விடுதியின் பெயர் 'கிரவுன் அண்ட் ஆங்கர்' என்பதால் வந்ததாம். கதைதான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.