கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்த மூன்று போன்கள்

போன ஐப்பசியில் அப்பத்தாவின் போன் துவைக்கிற கல்லிலிருந்து நழுவி, சோப்புத்தூள் கரைத்து வைத்திருந்த வாளிக்குள் விழுந்தது. எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பெட்டியில் ஐபி 67 என்று போட்டிருந்த போன் அது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன், "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது அப்பத்தா" என்று சொல்லியும் கொடுத்தேன். அவங்க துடைத்துவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துவிட்டார்கள், போனை அணைக்காமலே. சாயங்காலம் நான் வந்து எடுத்தபோது கேமராக் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்திருந்தது, மறுநாள் விடியும்போது போனில் உயிர் இல்லை. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அனுப்பிய படங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஐயா காலமாவதற்கு முந்தின மாதம் முற்றத்து ஓரமாக உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்ததை அப்பத்தா தன் கையால் எடுத்த படம் மட்டும் அந்தப் போனில்தான் இருந்தது. அது வரவே இல்லை.

அன்றிலிருந்து மனசில் ஒரே கேள்விதான். பெட்டியில் போடுகிற அந்த எண் எதற்குப் பொறுப்பேற்கிறது, எத்தனை வருடத்துக்கு? இந்தக் கோடை விடுமுறையில் பள்ளத்தூர் வீட்டில் உட்கார்ந்து செய்தே பார்த்துவிட்டேன்.

எண்ணைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வருவது இது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பவரே சொல்லலாம். அதனால்தான் 2016-ல் வந்த சாம்சங் எஸ்7-க்கு 1.5 மீட்டர், ஐபோன் 12-க்கு 6 மீட்டர், ஆனால் இரண்டுக்கும் பெயர் ஐபி 68. பீய்ச்சியடிக்கிற தண்ணீர் தனிக் கணக்கு, அதற்கு 5, 6 என்ற எண்கள், 8 வாங்கிய போன் அந்தச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2013-ல் சோனி எக்ஸ்பீரியா இசட் வந்தபோது ஐபி 55, ஐபி 57 என்று இரண்டையும் சேர்த்துப் போட்டது இதனால்தான். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது இது: முழுக்கிப் பார்க்கும் சோதனை நல்ல தண்ணீரில், அசையாத தண்ணீரில், போனுக்கும் தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் போகாமல், புதுப் போனில் நடப்பது. சோப்பு இல்லை, உப்பு இல்லை, சித்திரை வெயில் இல்லை.

எடுத்துக்கொண்டவை மூன்று. என்னுடைய போன், ஐபி 68, இரண்டு வருடம் ஆகிறது, திறந்ததே இல்லை. அலமாரியில் கிடந்த என் பழைய போன், ஐபி 67, ஆறு வருடம், அதையும் யாரும் திறந்ததில்லை. மூன்றாவது காரைக்குடி மச்சானுடையது, ஐபி 68, போன வருடம் ஒரு கடையில் டிஸ்ப்ளே மாற்றியது. "போனாப் போகட்டும் மாப்ளே, பார்த்துரு" என்று கொடுத்துவிட்டார், படங்களையெல்லாம் வேறொரு போனுக்கு மாற்றிக்கொண்டுதான் தொட்டேன்.

தண்ணீருக்குள் விடுவதற்கு முன்னாலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்டதுதான் எனக்கு இந்த முயற்சியில் கிடைத்த பெரிய லாபம். கொஞ்சம் விலை கூடிய போன்கள் பலவற்றில் காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டர் இருக்கிறது. போன் நன்றாக மூடியிருந்தால், திரையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளே இருக்கிற காற்று நசுங்கி அழுத்தம் ஏறும். எங்கேயாவது இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியே ஓடிவிடும், எண் ஏறாது. அளவைக் காட்ட இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன.

பட்டாலையில் தரையில் வைத்து அழுத்தினேன். என் போன் சும்மா இருக்கும்போது 998 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) காட்டியது, அழுத்தியதும் 1003-க்குப் போய், விரலை எடுக்காமல் வைத்திருக்க மெல்ல மெல்ல இறங்கியது, பாதி இறங்கவே எட்டு விநாடி. (இறங்குவது குறை இல்லை. காற்று மட்டும் போய்வர ஒரு மெல்லிய சவ்வை அவர்களே வைத்திருப்பார்கள்.) சந்தேகம் தீர சிம் ட்ரேயைப் பாதி வெளியே இழுத்துவிட்டு அழுத்தினேன், எண் அசையவே இல்லை. ஆக, சோதனை உண்மையைத்தான் சொல்கிறது. ஆறு வருடப் போன் ஒன்றரை ஏறி, இரண்டே விநாடியில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மச்சான் போன் 0.2-க்கு மேல் போகவில்லை. எது பிழைக்கும், எது பிழைக்காது என்று அப்போதே ஓரளவு தெரிந்துவிட்டது.

அப்புறம் கிணறு. வெங்காயம் வருகிற வலைப்பையில் போனைத் துணி சுற்றிப் போட்டு, எடைக்கு உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒன்றையும் போட்டு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு வைத்த நைலான் கயிற்றில் இறக்கினேன். மீன்தொட்டித் தெர்மாமீட்டரில் கிணற்றுத் தண்ணீர் 28 டிகிரி, போனும் நிழலில் 31-தான். என் போன் 1 மீட்டரில் 30 நிமிடம் இருந்தது. வெளியே எடுத்ததும் ஸ்பீக்கர் தலையணைக்கு அடியிலிருந்து பாடுவது மாதிரிக் கேட்டது, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. சிம் ட்ரே துளைக்குள் டார்ச் அடித்தால் தெரிகிற அந்தச் சின்ன ஒட்டி, தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறுவது, வெள்ளையாகவே இருந்தது. பழைய போனும் தாங்கியது, நான் எதிர்பார்க்கவில்லை. மச்சான் போனைக் கிணற்றில் விட மனம் வராமல் பித்தளை அண்டாவில் ஒரு சாண் ஆழத்தில் வைத்தேன். மேல் மூலையிலிருந்து ஊசி நுனி அளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கோத்த மாதிரி, மேலே வந்தன. எண்ணி நாற்பது குமிழி ஆனதும் எடுத்து உடனே அணைத்துவிட்டேன்.

வெயில் சோதனையை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பக்கம் போன் கெடுவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்று இப்போது நம்புகிறேன். வண்டியின் முன்பக்கம் மாட்டி வைத்த போன், மத்தியான வெயிலில் கொதித்துப் போய், வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் கழுவப்படுகிறது, அல்லது அப்படியே சட்டைப் பையோடு ஊரணியில் இறங்குகிறார்கள். சூடாக இருக்கும்போது உள்ளே இருக்கிற காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடும். சட்டென்று குளிர்ந்த தண்ணீருக்குள் போனால் மிச்சக் காற்று சுருங்கும், சவ்வு நனைந்துவிட்டதால் வெளிக்காற்று உள்ளே வர வழி இருக்காது, போன் தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். 46 டிகிரியிலிருந்து 28-க்கு வந்தால் கணக்குப்படி 50 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் குறைய வேண்டும், அதாவது ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்தில் கிடக்கிற மாதிரி.

பழைய போனை மொட்டைமாடியில் இருபது நிமிடம் போட்டு வைத்தேன், பேட்டரிச் சூடு 46 டிகிரி காட்டியது. பாரோமீட்டர் விநாடிக்கு விநாடி பதிவாகும்படி வைத்துவிட்டு, அதே அண்டாவில், அதே ஒரு சாண் ஆழத்தில் விட்டேன். அழுத்தம் 998-லிருந்து 971 வரை இறங்கியது. திரையும் பின்பக்கமும் உள்ளே வளைந்து கொடுப்பதால் முழு ஐம்பதும் இறங்கவில்லை என்று நினைக்கிறேன். மூன்று நிமிடம் அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏற ஆரம்பித்தது, 975, 980, 986. சுற்றிலும் தண்ணீர், உள்ளே வர காற்றே இல்லை, அப்படியானால் உள்ளே போவது என்ன? வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முன்கேமராவுக்குப் பின்னால் கடுகளவில் ஒரு துளி. 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கிய போன், ஒரு சாண் தண்ணீரில், சூட்டோடு விட்டதால், விட்டுக்கொடுத்துவிட்டது.

குதிப்பதையும் சொல்ல வேண்டும், பசங்க போனைக் கையில் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே குதிக்கிறார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறோமோ, தண்ணீரைத் தொடுகிற கணத்தில் போனின் முகப்பில் கிட்டத்தட்ட அவ்வளவு ஆழத்து அழுத்தம் விழும். 4 மீட்டர் மேலேயிருந்து குதித்தால் 4 மீட்டர் ஆழம். இதைச் செய்து பார்க்கவில்லை, கணக்குப் போட்டதோடு சரி.

சோப்புத் தண்ணீரில் எந்தப் போனையும் விடவில்லை, அப்பத்தா போனே போதும். ஸ்பீக்கர், மைக் துளைகளில் இருக்கிற சவ்வு தண்ணீரை நிறுத்துவது தண்ணீரின் பரப்பு இழுவிசையை நம்பித்தான். துளி துளியாக உருண்டு நிற்கும்வரை உள்ளே போகாது. சோப்பு அந்த இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துவிடும், சீயக்காயும் நுரைக்கிற பொருள்தானே, அதுவும் அப்படித்தான். வாளியில் பச்சைத் தண்ணீர் மட்டும் இருந்திருந்தால் அந்தப் போன் பிழைத்திருக்குமோ என்று இன்னும் தோன்றுகிறது.

உப்பு அதைவிட மோசம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காரைக்குடி சிக்ரிக்கு, அதுதான் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கூட்டிப் போனார்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு செம்புத் தகடுகளை வைத்து பேட்டரியோடு இணைத்தார்கள், ஒன்று கண்ணெதிரே கரைந்துகொண்டே வந்தது. மின்சாரம் ஓடுகிற ஈரமான போனுக்குள் நடப்பதும் அதேதான். அதனால் தண்ணீர் புகுந்த சந்தேகம் வந்தால் முதல் வேலை அணைப்பது, இரண்டாவது வேலை சார்ஜரைத் தொடாமல் இருப்பது. 2022-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது இந்த விஷயத்தில்தான், நீச்சல் குளத்திலும் கடலிலும் போனைக் காட்டி விளம்பரம் செய்தார்கள், ஈரத்தோடு சார்ஜ் போட்டால் சார்ஜிங் துளை அரித்துப்போகும் நிலை இருந்தது. தொண்டிக் கடற்கரையில் போன் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, துளை கீழே பார்க்கும்படி ஃபேன் காற்றில் வையுங்கள். அரிசி வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே சொல்கிறது.

கடைசியாக மச்சான் போனைத் திறந்தேன். முடி உலர்த்துகிற டிரையரால் ஓரங்களைச் சூடாக்கி, கிடார் மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லையை நுழைத்ததும் எந்த எதிர்ப்பும் இல்லாமல் திறந்துகொண்டது. கம்பெனியில் ஒட்டியிருக்க வேண்டிய கறுப்பு நுரைப்பட்டை சுற்றிலும் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது, அதற்குப் பதில் மூன்று பக்கம் மட்டும் பசையை இழுத்து, நாலாவது பக்கம் இரண்டு பொட்டு. டிஸ்ப்ளே மாற்றும்போது இனிமேல் தண்ணீர் தாங்காது என்று ஒரு வார்த்தை அந்தக் கடையில் சொல்லியிருக்கலாம். மச்சான் அதற்கப்புறம் மழையில் நனைந்துகொண்டே எத்தனை தடவை பேசியிருப்பார் என்று நினைத்தால் பதறுகிறது.

பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், முழுதாக எடுக்க இரண்டு மணி நேரம். அந்த மாடலுக்கென்றே வெட்டி விற்கிற ஒட்டுப்பட்டை ஆன்லைனில் கிடைத்தது, அதை ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டு, மேலே அகராதி ஒன்றை வைத்து ஒரு ராத்திரி விட்டேன். காலையில் அழுத்திப் பார்த்தால் 998-லிருந்து 1002. அண்டாவில் பதினைந்து நிமிடம், ஒரு குமிழிகூட இல்லை. மச்சானிடம் கொடுக்கும்போது, அழுத்திப் பார்ப்பது எப்படி என்று அவர் கையாலேயே செய்யவைத்தேன்.

அப்பத்தாவிடம் இப்போது இருப்பதும் ஐபி 68 போன்தான். மாதம் ஒரு தடவை வாங்கி அழுத்திப் பார்க்கிறேன், நேற்று 997-லிருந்து 1002, பாதி இறங்கப் பத்து விநாடி ஆனது. படங்கள் எல்லாம் ராத்திரியில் தானாக ஏறிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் பழைய விளக்கு மாடம் ஒன்று இருக்கிறது, அதைச் சுத்தம் செய்து கொடுத்தேன். துவைக்கப் போகும்போது போனை அதில் வைத்துவிட்டுத்தான் அப்பத்தா தண்ணீரில் கை வைக்கிறார்கள்.