பங்குனி, பரீட்சை, கேமரா

மார்ச் 27, 2025, வியாழன்

நாளைக்கு மகளுக்குப் பத்தாவது பப்ளிக் எக்ஸாம், முதலில் தமிழ். ஹால் டிக்கெட், பேனா, ஸ்கேல் எல்லாம் மேசை மேல் தயார். பக்கத்தில் என் கேமரா பை இருந்தது. இவர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து பீரோ மேல் ஏற்றிவிட்டார்.

மார்ச் 28, வெள்ளி

தமிழ் சுலபமாம்.

மார்ச் 30, ஞாயிறு

பையை இறக்கி 50 எம்எம் லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தேன். உள் கண்ணாடியின் ஓரத்தில் சன்னமாக, கிளை கிளையாக ஒரு வெள்ளைப் படலம். பூஞ்சையேதான். இந்த ஊர் ஈரத்தில் பையில் போட்டு மூடி வைத்த லென்ஸ் தப்புமா? நீலமாக இருக்க வேண்டிய சிலிகா ஜெல் வெளிறிப்போய் ரோஸ் நிறத்துக்கு வந்திருக்கிறது. சமையலுக்கு ஆகாத ஒரு பழைய சட்டியை எடுத்து வறுத்தேன். "என்னம்மா வறுக்கிற, வாசனையே வரல?" என்றார் அத்தை. கேமராவுக்கு என்றேன். அடுத்த கேள்வி கேட்காமல் டிவி பக்கம் திரும்பிவிட்டார். இந்த வீட்டில் என் பொழுதுபோக்கை முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். திருவல்லிக்கேணியில் காலேஜ் தோழி வீட்டில் பிரியாணி. இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

உள்ளே நுழைந்ததுமே கேமராவைக் கையில் எடுத்துவிட்டேன். கேமரா கையில் இருக்கும்வரை "பொண்ணு எப்படிப் படிக்கிறா", "அடுத்து என்ன குரூப்" என்று யாரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டிலும் அப்படித்தான், பந்தி பரிமாறக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். எல்லாருக்கும் நடுவில் நிற்கலாம், யாரோடும் உட்கார வேண்டாம். எனக்கு இது பிடித்திருக்கிறது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தோழி கேமராவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "சாப்புடுடி முதல்ல" என்றாள். அலமாரிக்கு மேலே அவளுடைய அத்தா படம், நான் எடுத்தது. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபடி எதையோ பார்த்துச் சிரிக்கிறார். "அன்னிக்கு நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல, தெரியுமா? ஒரே கிளிக்குதான்" என்றாள். பேசியிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தால்ச்சா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வர நாலு மணி நேரம் ஆகிவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

மயிலாப்பூர் கபாலீஸ்வரருக்குப் பங்குனி விழாக் கொடியேற்றம். நேற்று இங்கிலீஷ் பரவாயில்லையாம்.

எங்கள் போட்டோ குரூப்பில் ஞாயிறு விடியலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்று போட்டிருக்கிறார்கள். 15ஆம் தேதியிலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. 61 நாள் தடைக்காலம். அது தொடங்கிவிட்டால் பெரிய ஏலம் இல்லை, வெறும் படகுதான். "சொல்றேன்" என்று பதில் போட்டேன். எங்கள் குரூப்பில் "சொல்றேன்" என்றால் வரமாட்டேன்.

ஏப்ரல் 5, சனி

அதிகார நந்தி வாகனத்தில் சுவாமி! நாலரைக்கு எழுந்து மந்தைவெளியிலிருந்து நடந்தே போனேன். கோபுரத்துக்குப் பின்னால் வானம் இன்னும் ஊதா நிறம், வாகனத்து மேல் மட்டும் விளக்கு மஞ்சள். இருட்டுக்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு) 3200க்கு ஏற்றினேன், புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும். வரும் வழியில் தெற்கு மாட வீதியில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டேன். "கீரைக்கா இவ்வளவு சீக்கிரம் போன?" என்று இவர் கேட்டார். ஆமாம் என்றேன். கீரை ஆய்ந்து முடியும்வரை சந்தோஷமாக இருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காசிமேடு போகவில்லை. காலை ஏழிலிருந்து போனில் படம் படமாக வந்து விழுகிறது. ஐஸ் பெட்டி, வஞ்சிரம், ஹெட்லைட் வெளிச்சத்தில் ஏலக்காரர் கை. நான் குக்கர் முன்னால். மகள் தேற்றம் ஒப்பிக்க, நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினேன். எனக்கு ஒரு வரி புரியவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

கணக்கு. கிராஃப் போட நேரம் போதவில்லையாம். அழுகை. இன்று நள்ளிரவு ரிஷப வாகனம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வியாழன் மதியம் அறுபத்துமூவர், அறுபத்துமூன்று நாயன்மார்களும் வரும் உலா. வெள்ளி காலை சயின்ஸ். பஞ்சாங்கக்காரரும் தேர்வுத்துறையும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் போல.

"மறுநாள் சயின்ஸ்" என்றார் இவர். "தெரியும்" என்றேன். மயிலையில் நடக்கிற விழாவையெல்லாம் பார்க்காமலே போகிறாயா என்றுதானே சம்பந்தர் கேட்டார், செத்துப்போன பூம்பாவையே சாம்பல் குடத்திலிருந்து எழுந்து வந்தாளே என்றேன். "அவளுக்கு பப்ளிக் எக்ஸாம் இல்ல" என்றார். உள்ளேயிருந்து மகள்: "அவங்க போகட்டும்பா. வீட்ல இருந்தா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ கதவத் திறந்து பார்ப்பாங்க."

ஏப்ரல் 9, புதன்

தேர். பேட்டரி சார்ஜ் போட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

இரண்டு மணிக்கு நான் கிளம்பும்போது அத்தை பட்டுப்புடவை கட்டி, குடையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். "நானும் வரேன்மா, கூட்டத்துல கையப் புடிச்சுக்கிறேன்."

பிடித்தார். ஆட்டோவை லஸ் கார்னர் தாண்டி விடவில்லை. அங்கிருந்து வடக்கு மாட வீதி வரைக்கும், அப்புறம் அங்கே நின்ற நேரம் முழுக்க, என் இடது மணிக்கட்டு அவருடையது. 35 எம்எம் லென்ஸை ஒரு கையில் தூக்கி, பார்க்காமலே அழுத்த வேண்டியதாயிற்று. பந்தலில் கொடுத்த பானகம் சிந்தி ஷட்டர் பட்டன் வேறு பிசுபிசுத்தது. நாயன்மார்கள் முன்னால் போகிற சுவாமியைப் பார்த்தபடியே சின்னச் சின்னப் பல்லக்குகளில் வரிசையாக வந்தார்கள். ஃபிரேமுக்குள் மட்டும் யாரோ ஒருவர் தூக்கிப் பிடித்த போன், அதன் திரையில் பல்லக்கு. மொட்டை மாடியில் இடம் சொல்லி வைத்திருந்தேன். அத்தையால் அத்தனை படி ஏற முடியாது.

"கண்ணப்பர் வந்தாச்சா? கண்ணப்பர் எங்கே?" என்று ஒவ்வொரு பல்லக்குக்கும் கேட்டார். எனக்கு எரிச்சல். கல்யாணமான புதிதில் இதே தெருவில் மாமா கூட்டத்தில் அத்தையைத் தவறவிட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போய் காபி குடித்துக்கொண்டிருந்தாராம். "இவருக்கு நான் காணாமப்போனதே தெரியல!" சத்தமாகச் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மாமாவைப் பற்றி இப்படி ஒரு கதை நான் இதுவரை கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்துக் கண்ணப்பர் போய்விட்டார் போலிருக்கிறது. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

ஏப்ரல் 11, வெள்ளி

சயின்ஸ் நன்றாக எழுதினாளாம். அப்பாடா.

ஏப்ரல் 13, ஞாயிறு

படங்களை லேப்டாப்பில் இறக்கினேன். பாதி சாய்ந்திருக்கிறது. தேறுவது கொஞ்சம். வெள்ளைக் குடையும் ஓதுவார் கழுத்து வியர்வையும் உள்ள ஒன்று நிஜமாகவே நன்றாக வந்திருக்கிறது. இவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "அம்மா இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லையா?" என்றார். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பவரை எந்த லென்ஸில் எடுப்பது?

செவ்வாய் சமூக அறிவியல், அதோடு முடிந்தது. அன்று மதியம் ஒன்றேகாலுக்கு மேல் ஒரு வாரம் என்னை யாரும் தேடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இவர் ஏற்கெனவே புதன்கிழமைக்குக் குடும்பத்தோடு திருப்பதி டிக்கெட் எடுத்துவிட்டாராம். அங்கே கேமரா என்ன, போனையே வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள்.