சுரங்கத்திலிருந்து வந்த பாட்டுக்காரர்

நான் இங்கிலாந்தில், டெர்பிஷையரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். முதுகில் கிரீம் தடவும்போது நீலநீலமாகத் தழும்புகள் தெரியும். காயத்துக்குள் கரித்தூள் புகுந்து அப்படியே தோல் மூடினால், பச்சை குத்தியது போல நின்றுவிடும். மறதி நோய்க்காரர். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது நினைவில் இருக்காது. டிவியில் நாடாளுமன்றத்தைக் காட்டினால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "டென்னிஸ் எங்கே, டக்?" என்பார். டக் என்பது இந்த வட்டாரத்தில் பாசமாகக் கூப்பிடும் சொல்.

அவர் தேடியது டென்னிஸ் ஸ்கின்னரை. பக்கத்து பொல்சோவர் தொகுதிக்கு 1970 முதல் 2019 வரை லேபர் கட்சி எம்.பி. ‘பொல்சோவரின் மிருகம்’ என்பது அவருக்கு விழுந்த பட்டப்பெயர். தாத்தாவுக்காகத்தான் நான் அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

1932-இல் கிளே கிராஸ் என்ற ஊரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூன்றாவது. அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. 1926 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவரை வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். மகன் நன்றாகப் படித்து, தேர்வில் தேறியவர்களைச் சேர்க்கும் கிராமர் ஸ்கூலுக்குப் போனான். ஆனாலும் 1949-இல் சுரங்கத்தில்தான் இறங்கினான். இருபது வருடத்துக்கு மேல் கரி வெட்டிவிட்டு நேராக நாடாளுமன்றம். அந்தக் குடும்பமே அப்படித்தான். 1972-இல் அரசு நகராட்சி வீடுகளின் வாடகையை ஏற்றச் சொன்னபோது, கிளே கிராஸின் 11 கவுன்சிலர்கள் முடியாது என்றார்கள். அவர்கள்மேல் அபராதம் விதித்து, பதவியையும் பறித்தார்கள். அதில் ஸ்கின்னரின் தம்பிகளும் உண்டு.

சபையில் அவர் வாய் பிரசித்தம். ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் அப்போதைய அரசி எலிசபெத்தின் உரையைக் கேட்க எம்.பி.க்களை மேலவைக்கு அழைக்க ஓர் அதிகாரி வருவார். ஸ்கின்னர் இடத்தைவிட்டு எழவே மாட்டார். 1992-இல் அந்த அதிகாரியைப் பார்த்து, "அவங்களை வரி கட்டச் சொல்லு" என்று குரல் கொடுத்தார். 2016-இல் பிரதமர் டேவிட் கேமரனைத் ‘தில்லுமுல்லு டேவ்’ என்றார். வாபஸ் வாங்கச் சொன்ன சபாநாயகருக்கு அதையே திரும்பச் சொல்லி, அன்றைக்கு வெளியே அனுப்பப்பட்டார். பிரதமர் தாட்சர் பதவி விலகுவதாக அறிவித்த 1990 நவம்பர் 22 அன்று, ஐரோப்பிய மத்திய வங்கியை இனியும் எதிர்ப்பாரா என்று ஒருவர் கேட்க, "இல்லை, அவரே அதன் கவர்னராகப் போகிறார்" என்று இடையில் கத்தினார் ஸ்கின்னர். பரம எதிரியான தாட்சரே சிரித்துவிட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1985 ஜூன் 7. மனிதக் கருவில் ஆராய்ச்சியே கூடாது என்று ஈனாக் பவல் என்ற எம்.பி. ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார். அதற்கு நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்க அன்று ஏற்பாடு. ஸ்கின்னர் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். வேல்ஸில் ஓர் இடைத்தேர்தலை அறிவிக்கும் தீர்மானத்தை முதலில் கொண்டுவந்து, அதைப் பேசியே நேரத்தைத் தின்றுவிட்டார். மசோதா செத்தது. 1990-இல், செயற்கைக் கருத்தரிப்புக்கு உதவும் அந்த ஆராய்ச்சிக்கு முறையான சட்டமே வந்தது. குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகளின் முகத்தை ஆஸ்பத்திரியில் பார்த்தவள் நான். அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்காகவே அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் எனக்கு அவரோடு ஒத்துப்போகாது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பக்கம் நின்றார். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த எனக்கு அது வலிக்கிறது. 2019 டிசம்பரில், 87 வயதில், இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருந்தபோது தோற்றுப்போனார். 1950-இல் தொகுதி உருவான நாளிலிருந்து லேபர் இழக்காத இடம் அது.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது வேறொரு ஸ்கின்னரை. அவருடைய அம்மாவுக்கு அல்சைமர் வந்தது. பேச்செல்லாம் மறந்துபோன அம்மா, மகன் பழைய பாட்டுகளைப் பாடினால் கூடவே பாடுவாராம். அம்மா போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. முதியோர் இல்லங்களுக்குப் போய், மறதி நோய்க்காரர்கள் முன்னால் நின்று பாடினார். சபையில் கர்ஜித்த அதே தொண்டை.

அதைப் படித்த வாரம் தாத்தாவைக் குளிப்பாட்டும்போது, அவர் காலத்துப் பாட்டு ஒன்றை போனில் கேட்டுப் பழகிக்கொண்டு போய், தப்பும் தவறுமாகப் பாடினேன். இரண்டாவது வரியில் நான் தடுமாறி நின்றேன். மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் விடாமல், தாத்தா பாடி முடித்தார்.