மகளின் பிளேடில் ஒரு வளைவு

ஓசூர் சிப்காட்டில் 18 வருஷமாக டூல் கிரைண்டிங் வேலை பார்க்கிறேன். இரும்பில் வளைவைக் கண்டால் விரல் தானாகத் தடவிப் பார்க்கும். மகள் பெங்களூரு போய் ஐஸ் ஸ்கேட்டிங் பழக ஆரம்பித்ததும் அவளுடைய ஷூவுக்கு அடியில் இருக்கும் பிளேடையும் அப்படித்தான் பார்த்தேன்.

பிளேடு பார்வைக்குத்தான் நேர். உண்மையில் அது ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. ஆரம் 7 அடி அல்லது 8 அடி. முன்பாதத்துக்கு அடியில், பிளேடின் முன்நுனியில் இருக்கும் பற்களுக்குச் சற்றுப் பின்னால், அந்த வளைவு இன்னும் இறுகும். சுழல்வது அந்தச் சின்ன இடத்தில்தான்.

போன வருஷம் ஒரு கடையில் சாணை பிடிக்கக் கொடுத்தோம். பளபளவென்று வந்தது. அப்புறம் அவளால் ஓரிடத்தில் நின்று சுழலவே முடியவில்லை, நகர்ந்துகொண்டே போனாள். தன் தப்பு என்று அழுதாள். பிளேடு புதிதாக இருந்தபோது அதன் வளைவைக் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன், அந்தக் கோட்டின்மேல் பிளேடை வைத்துப் பார்த்தேன். முன்வளைவு தட்டையாகிக் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

புதிதாக எது வாங்குவது? ஜான் வில்சன் என்ற பிளேடு கம்பெனியில் பேட்டர்ன் 99 மாடல் என்றால் 8 அடி ஆரம், கொரோனேஷன் ஏஸ் மாடல் 7 அடி. அவள் பழகியது 7 அடியில், அதனால் ஏஸ். அடியில் நீளவாக்கில் ஓடும் குழிக்கு அரை இஞ்ச் ஆரம் போதும் என்றேன். குழி ஆழமானால் பிடி கூடும், ஆனால் சுழலும்போது இழுக்கும்.

நேற்று ஐஸில் அவள் விட்ட தடம், சின்னச் சின்ன வளையங்களாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.